பெயருக்கு ஒரு சைக்கிள் பாதை வேண்டாம்

அகலம் போதாதுதான், பாதி வழியில் நின்றுபோகிறதுதான், நடுவில் மின்கம்பம் நிற்கிறதுதான். ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ தேவலை. நம் நகரங்களில் போடப்படும் சைக்கிள் பாதைகளைப் பற்றி யாராவது குறை சொன்னால் உடனே வருகிற பதில் இது. மாநகராட்சிப் பொறியாளர் சொல்கிறார், வரைபடம் போட்டுக் கொடுத்த ஆலோசகர் சொல்கிறார், சுற்றுச்சூழலில் அக்கறையுள்ள நண்பர்கள் சொல்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டமாகப் போய்வரும் சைக்கிள் குழுக்காரர்களும் சொல்கிறார்கள். சைக்கிளே வேண்டாம் என்பவர்கள் இப்படிச் சொன்னால் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம். நகரம் மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறவர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் இதை மறுத்தாக வேண்டியிருக்கிறது.

மோசமாகப் போட்ட பாதை, நல்ல பாதையின் பலனில் பாதியையாவது தரும் என்பதுதான் இந்தப் பதிலுக்குள் இருக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறு. மோசமான பாதை கெடுதலே செய்கிறது. ஓட்டுகிறவரை ஆபத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது, சாலையில் அவருக்கு ஏற்கெனவே இருந்த இடத்தைப் பறிக்கிறது, நாளைக்கு யாராவது நல்ல பாதை கேட்டால் அவருக்கு எதிரான சாட்சியாக வந்து நிற்கிறது. இந்தக் கெடுதலைச் சுமப்பவர்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்கு வராதவர்கள். அவர்களுக்கு அந்த நேரத்தில் வேலை இருக்கும்.

அவர்கள் யார் என்று முதலில் பார்த்துவிடலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 44.8 சதவீதம் சைக்கிள் வைத்திருந்தன. கார் வைத்திருந்தவை 4.7 சதவீதம்தான். விவசாயத்துக்கும் வீட்டுத் தொழிலுக்கும் வெளியே வேலை பார்க்கிறவர்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேர் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு தவணையில் பைக் வாங்க முடிந்தவர்கள் பைக்குக்கு மாறினார்கள். மாற முடியாதவர்கள் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். சென்னையில் விடியும் முன் தெருவில் நின்றால் அவர்களைப் பார்க்கலாம். பேப்பர் போடுகிறவர், இரவுப் பணி முடிந்து திரும்பும் காவலாளி, ஹேண்டில்பாரில் சாப்பாட்டுத் தூக்கை மாட்டிக்கொண்டு போகும் கொத்தனார், கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடங்களைத் தேடிப் போகிறவர். எட்டரை மணிக்கு அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். 2001இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு மற்ற மாணவர்களுக்கும் விரிந்த திட்டம் அது. அதற்கும் பத்தாண்டு முன்பே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. சைக்கிள் பண்பாட்டைப் புதிதாக இறக்குமதி செய்ய வேண்டிய ஊரல்ல இது. இவர்களுக்கு அடிபடாமல் போய்ச்சேர வழி வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது பாதையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். எனக்குப் பழக்கமான சாலை ஒன்று. பெயரைச் சொல்லத் தேவையில்லை, இதேபோல எந்த ஊரிலும் இருக்கிறது. பேருந்து நிறுத்தம் தாண்டிச் சற்று தூரத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், தாரின் இடது ஓரத்தில் பச்சைப் பெயின்ட் தொடங்குகிறது. இரண்டு கைகளை விரித்தால் தாண்டிவிடுகிற அகலம். தண்ணீர் ஓடுவதற்காகச் சாலை ஓரத்தை நோக்கிச் சரிகிற பகுதி அதுதான் என்பதால் மணல், ஜல்லி, உடைந்த பாட்டில் எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. மழைநீர் வடிகாலின் இரும்புச் சட்டம் பாதைக்குள் இருக்கிறது. அதன் கம்பிகள் போகிற திசையிலேயே நீளவாக்கில் பதிந்திருக்கின்றன, இடைவெளி ஒரு சைக்கிள் டயர் இறங்கும் அளவு. சாலையின் மேல் மறுபடி மறுபடி தார் போட்டதில் கழிவுநீர் மூடிகள் நாலு விரல் ஆழத்துக்குப் போய்விட்டன. அதைத் தாண்டினால் ஏடிஎம் வாசலில் ஸ்கூட்டர்கள், ஓட்டல் வாசலில் உணவு கொண்டுபோகும் பையன்களின் பைக்குகள், பள்ளி விடும் நேரத்துக்காகக் காத்திருக்கும் ஆட்டோக்கள். பேருந்து நிறுத்தத்தில் பேருந்து பச்சைப் பெயின்ட்டின் மேல்தான் நிற்க முடியும், வேறு இடம் இல்லை. இப்படியே போய், சிக்னலுக்குச் சற்று முன்னால் பெயின்ட் முடிந்துவிடுகிறது. எங்கே வண்டிகள் இடப்பக்கம் திரும்பப் பாய்கின்றனவோ, எங்கே ஓட்டுகிறவருக்கு உதவி மிகவும் தேவையோ, அங்கே ஒன்றும் இல்லை.

டீ கேன் கட்டியவர் இந்தப் பாதையில் வருவதில்லை. பெயின்ட்டுக்கு ஒரு மீட்டர் வலப்பக்கமாக, தார் வழவழப்பாக இருக்கும் இடத்தில் ஒரே நேர்கோட்டில் ஓட்டுகிறார். பின்னால் கனமான கேன் இருக்கும்போது சட்டென்று வளைத்தால் வண்டி ஆடும் என்பது அவருக்குத் தெரியும். பச்சைத் தடத்தில் வந்தால் நின்றிருக்கும் ஒவ்வொரு ஆட்டோவுக்கும் ஒருமுறை வெளியே வர வேண்டும், பின்னால் வருகிற வண்டியைப் பார்க்காமல் குறுக்கே நுழைய வேண்டும். அவர் தேர்ந்தெடுத்த நேர்கோடு அந்தச் சாலையின் வரைபடத்தைவிடப் பத்திரமானது. பாதை போட்டுக் கொடுத்தும் உபயோகிக்க மாட்டேன் என்கிறார்கள் என்று அதிகாரிகள் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அவர் உபயோகிக்காததற்கான காரணம் அந்தச் சாலையிலேயே எழுதியிருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

ஒன்றும் இல்லாத சாலையைவிடப் பெயின்ட் அடித்த சாலை ஆபத்தானதாக எப்படி ஆகும் என்று கேட்கலாம். மெல்பர்னில் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். அறுபது பேரின் சைக்கிள்களில் கருவி பொருத்தி, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முறை மோட்டார் வாகனங்கள் எவ்வளவு தள்ளிக் கடந்தன என்று பதிவு செய்தார்கள். முடிவுகள் 2019இல் வெளிவந்தன. வெறும் கோடு போட்ட சைக்கிள் தடம் இருந்த இடங்களில், தடமே இல்லாத இடங்களைவிடச் சராசரியாக 27 சென்டிமீட்டர் நெருக்கமாக வாகனங்கள் கடந்தன. ஓரத்தில் வண்டிகளும் நின்றிருந்தால் 40 சென்டிமீட்டர் நெருக்கம். காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. கோடு இல்லாதபோது ஓட்டுநர் சைக்கிள்காரரைப் பார்த்து விலகுகிறார். கோடு இருக்கும்போது கோட்டைப் பார்க்கிறார். தன் பக்கம் தனக்கு என்று வேகத்தைக் குறைக்காமல் போய்விடுகிறார். அமெரிக்காவின் 12 பெருநகரங்களின் 13 ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த இன்னொரு ஆய்வும் அதே 2019இல் வந்தது. தடுப்பு வைத்துப் பிரித்த பாதைகள் இருந்த நகரங்களில் கார்க்காரர்கள் உட்பட எல்லோருக்குமே சாவு குறைவு. வெறும் பெயின்ட் அடித்த தடங்களால் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

லண்டன் இதற்கு உயிர்களை விலையாகக் கொடுத்தது. 2010இல் அந்நகரம் சைக்கிள் சூப்பர்ஹைவே என்ற பெரிய பெயரோடு நீலத் தடங்களைத் திறந்தது. அவற்றில் பெரும்பகுதி பெயின்ட்தான். ஆல்ட்கேட்டிலிருந்து கிழக்கே ‘போ’ (Bow) ரவுண்டானா வரை போகிற இரண்டாம் எண் தடம் 2011இல் திறந்தது. அதே ஆண்டு அக்டோபரிலும் நவம்பரிலும் அந்த ரவுண்டானாவில் லாரி மோதி இரண்டு சைக்கிள்காரர்கள் இறந்தார்கள். 2013 ஜூலையில் ஆல்ட்கேட் பக்கம் இன்னொருவர். சாவுகளை விசாரித்த மரண விசாரணை அதிகாரி, நீலப் பூச்சு ஓட்டுகிறவருக்குப் பொய்யான பாதுகாப்பு உணர்வைக் கொடுக்கிறது என்று எச்சரித்தார். அதே 2013 நவம்பரில் இரண்டே வாரத்தில் லண்டன் தெருக்களில் ஆறு சைக்கிள்காரர்கள் செத்துப்போனார்கள். ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். 2016க்குள் அந்தத் தடத்தின் பெரும்பகுதி தடுப்புக்கல் வைத்துப் பிரிக்கப்பட்டது, சந்திப்புகளில் சைக்கிளுக்குத் தனி சிக்னல் வந்தது.

பார்த்தீர்களா, மோசமான பாதைதானே கடைசியில் நல்ல பாதையாக மாறியது என்று இதையே எனக்கு எதிராகத் திருப்பலாம். மாறியது உண்மை. ஆனால் எப்படி மாறியது என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு விசாரணை நடந்து, சாலையின் வடிவமைப்பே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. செத்தவர்களுக்காக எழுதவும் கூடவும் வழக்காடவும் வசதியுள்ள பெருங்கூட்டம் இருந்தது. நம் ஊரில் விபத்து நடந்தால் முதல் தகவல் அறிக்கையில் என்ன எழுதுவார்கள் என்பது நமக்கு மனப்பாடம். அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வாகனத்தை ஓட்டிவந்து. அந்த வாக்கியத்தில் ஓட்டுநர் இருக்கிறார், இறந்தவர் இருக்கிறார், சாலை இல்லை. சட்டத்தில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றாமல் சாலையை வடிவமைப்பவருக்கும் கட்டுபவருக்கும் பராமரிப்பவருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகும் நிலையில் டீ விற்பவரின் குடும்பம் இருக்கிறதா? நாட்டில் ஆண்டுதோறும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்கள் சாலையில் சாகிறார்கள். அந்தச் சாவுகளால் எத்தனை சந்திப்புகள் திருத்தப்பட்டிருக்கின்றன?

உடலுக்கு வரும் ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும். உரிமைக்கு வரும் ஆபத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. சாலையில் எந்தத் தடமும் இல்லாதபோது சைக்கிள்காரருக்கு முழுச் சாலையிலும் இடம் உண்டு, சட்டப்படியும் வழக்கப்படியும். ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு விழுந்ததும் அந்த உரிமை சுருங்குகிறது. அதான் உனக்குத் தனியாப் போட்டிருக்கே, அங்க போயேன் என்று பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறார்கள். அடிபட்டவரிடமும் முதலில் அதையே கேட்கிறார்கள். மோட்டார் வாகனங்கள் சைக்கிள் தடத்தில் ஏறக் கூடாது என்பது 1989 முதலே சாலை விதிகளில் இருக்கிறது. அதற்காகத் தண்டம் கட்டியவரை நான் சந்தித்ததில்லை. ஆக, கோட்டுக்கு அந்தப் பக்கம் யார் வந்தாலும் கேள்வி கிடையாது, இந்தப் பக்கம் வருகிற சைக்கிள்காரருக்கு மட்டும் கேள்வி. இந்தச் சரிவு எங்கே போய் முடியும் என்பதைக் கொல்கத்தா காட்டியிருக்கிறது. அங்கே காவல்துறை 2008இல் 38 சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தது, 2013 வாக்கில் தடை 174 சாலைகளுக்கு நீண்டது. பால்காரர்களும் பேப்பர்காரர்களும் வேலைக்குப் போனதற்காகத் தண்டம் கட்டினார்கள். போக்குவரத்து வேகமாக ஓட வேண்டும், சைக்கிள் குறுக்கே வருகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். ஓரமாக ஒதுக்குவதும் முழுதாகத் தடுப்பதும் ஒரே மனப்போக்கின் இரண்டு படிகள்.

இடத்தையாவது பிடித்து வைத்துவிடுவோம், பிறகு சீர்செய்துகொள்ளலாம் என்பது அடுத்த வாதம். இதைச் சொல்பவர்கள் அனுபவத்தால் பேசுவதாக நினைக்கிறார்கள். அனுபவம் வேறு மாதிரி இருக்கிறது. பெங்களூரு ஜெயநகரில் 2012 வாக்கில் சைக்கிள் தடங்கள் போட்டார்கள். விரைவிலேயே அவை கார் நிறுத்துமிடங்களாகிவிட்டன. மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்தில் 2011இல் வந்த தடம் ரயில் நிலையங்களிலிருந்து வருகிறவர்களுக்கு ஒழுங்கான இணைப்பைத் தரவில்லை. வருடக்கணக்கில் பைக்குகளும் கார்களும் அதன் மேல் நின்றன. 2025இல் நெரிசலைக் குறைப்பதற்காக அந்த இடத்தையும் மோட்டார் வண்டிகளுக்கே கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் ஒரு ஆட்சி நகரம் நகரமாகப் போட்ட தடங்களை, 2017இல் வந்த அடுத்த ஆட்சி இடிக்கப் போவதாக அறிவித்தது. இடத்தைப் பிடித்து வைக்க ஆள் வேண்டும். தினமும் அந்தப் பாதையில் போகிற, அதை எடுத்தால் சண்டைக்கு வருகிற ஆட்கள். யாரும் போகாத பாதைக்கு அப்படி யாரும் இருக்க மாட்டார்கள்.

இதிலிருந்து பிறப்பதுதான் காலிப் பாதையின் புகைப்படம். பத்திரிகைகளில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம். பச்சைத் தடம் வெறிச்சோடிக் கிடக்கிறது, பக்கத்தில் கார்கள் ஊர்கின்றன, கீழே இத்தனை கோடி ரூபாய் வீண் என்று ஒரு வரி. புகைப்படக்காரர் கேமராவைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினால் அதே சாலையில் கார்களுக்கு நடுவே சைக்கிள்கள் தெரியும். ஆனால் அந்தப் படம் தன் வேலையைச் செய்துவிடுகிறது. நம் ஊர் வெயிலுக்கு, நம் மக்களின் மனநிலைக்கு, சைக்கிள் பாதை ஒத்துவராது என்ற முடிவு உறுதியாகிவிடுகிறது. அடுத்த பத்தாண்டுக்கு அந்த ஊரில் யாரும் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. மோசமான பாதையை ஏற்றுக்கொண்ட நண்பர்கள், சைக்கிளை வெறுப்பவர்களுக்குத் தேவைப்பட்ட ஆதாரத்தைத் தங்கள் கையாலேயே தயாரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

தில்லியின் கதை இதைவிடச் சிக்கலானது. என் வாதத்துக்குச் சங்கடம் தருவதும்கூட. 2008 ஏப்ரலில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பேருந்துத் தனிவழி திறந்தது. தில்லி ஐஐடியின் தினேஷ் மோகன், கீதம் திவாரி போன்றவர்களின் பல ஆண்டு உழைப்பு அதன் பின்னால் இருந்தது. நடுவில் பேருந்து, ஓரத்தில் தடுப்பு வைத்துப் பிரித்த சைக்கிள் பாதை, அதற்கப்பால் நடைபாதை. அந்தச் சைக்கிள் பாதை காலியாகக் கிடக்கவில்லை. தெற்கு தில்லியின் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து கிளம்பியவர்கள் அதில் போனார்கள். பைக்குகள் உள்ளே புகுந்து தொல்லை கொடுத்தன என்றாலும், இந்தியாவில் அளவறிந்து கட்டிய அபூர்வமான பாதை என்று அதைச் சொல்வேன். கார்களுக்கு நேரமாகிறது என்று தொலைக்காட்சிகள் ஓயாமல் கூச்சலிட்டன. வழக்கு நடந்தது. 2012இல் தில்லி உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்து திட்டத்தின் பக்கம் நின்றது. அப்படியும் 2016இல் அதை இடித்துவிட்டார்கள்.

நன்றாகப் போட்டாலும் இடிக்கத்தானே செய்கிறார்கள், அப்புறம் நல்லது கெட்டது என்று ஏன் வித்தியாசம் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில், அது நல்ல பாதையின் ஒரு துண்டு மட்டுமே என்பதுதான். தில்லி கேட் வரை 14.5 கிலோமீட்டர் போக வேண்டிய திட்டம் மூல்சந்தில் நின்றுபோனது. அம்பேத்கர் நகரிலிருந்து மத்திய தில்லிக்கு வேலைக்குப் போகிறவர் முதல் 5.8 கிலோமீட்டர் பத்திரமாக வந்து, பிறகு மேம்பாலங்களும் லாரிகளும் நிறைந்த சாலையில் தனியாக விடப்பட்டார். பாதை இருந்ததால் புதிதாகச் சைக்கிள் எடுக்கலாம் என்று யாருக்கும் தோன்ற வழியில்லை. ஏற்கெனவே ஓட்டியவர்களுக்கு வழியில் ஒரு சௌகரியம் கிடைத்தது, அவ்வளவே. அந்த அளவு ஆதரவோடு தொலைக்காட்சியின் கூச்சலை எதிர்த்து நிற்க முடியாது.

இந்தப் பாடத்தை நெதர்லாந்து நாற்பதாண்டுகளுக்கு முன்பே கற்றது. 1971இல் அந்தச் சின்ன நாட்டின் சாலைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த அழுத்தத்தில் டில்பர்க், டென் ஹாக் நகரங்களில் முன்மாதிரியாக ஒவ்வொரு பாதை போட்டுப் பார்த்தார்கள். பெரும் செலவில், உயர்ந்த தரத்தில் போட்ட பாதைகள். பக்கத்துத் தெருக்களில் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அவற்றுக்கு வந்தார்கள். ஆனால் நகரத்தில் மொத்தமாகச் சைக்கிள் ஓட்டுவது பெரிதாகக் கூடவில்லை. 1980களில் டெல்ஃப்ட் நகரம் வேறு வழியில் போனது. ஊர் முழுக்க எங்கெங்கே இணைப்பு அறுந்திருக்கிறது என்று பார்த்து, பாலம், சுரங்கவழி, சின்னச் சந்து என்று ஒவ்வொன்றாகக் கோத்தார்கள். அங்கேதான் பயணங்கள் கூடின.

ஸ்பெயினின் செவில் நகரத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வெயிலில் அது நமக்குச் சளைத்த ஊரல்ல, கோடையில் 40 டிகிரி சாதாரணம். சைக்கிள் அநேகமாக மறைந்துபோயிருந்த ஊர். 2006-07இல் ஏறத்தாழ 80 கிலோமீட்டரை ஒரே வீச்சில் போட்டார்கள், பிறகு 120 கிலோமீட்டராக்கினார்கள். கார் நிறுத்தியிருந்த இடங்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் தினசரிச் சைக்கிள் பயணங்கள் பத்து மடங்காயின. அந்தப் பாதைகளை அளவுகோல் வைத்துப் பார்த்தால் குறை சொல்லலாம். இரு திசைக்கும் சேர்த்து இரண்டரை மீட்டர்தான், நெதர்லாந்துப் பொறியாளர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பாதையும் இன்னொன்றில் போய்ச் சேர்கிறது, சந்திப்பில் கைவிடுவதில்லை, கார் ஏற முடியாதபடி மேட்டுக்கல் தடுக்கிறது.

எல்லாம் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தால்தான் ஏற்பேன் என்று அடம்பிடிப்பதாக என்னை நினைப்பவர்களுக்காகத்தான் செவிலைச் சொன்னேன். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பதுதான் கேள்வி. அகலம் ஓரிரு இடங்களில் சுருங்கினால் பொறுக்கலாம். பளபளப்பான கற்கள் வேண்டியதில்லை, மர நிழல் பிறகு வளரட்டும். இணைப்பையும் சந்திப்பையும் தடுப்பையும் விட்டுக்கொடுத்தால் மிச்சம் ஒன்றுமில்லை. நம் ஊரில் நேர்மாறாக நடக்கிறது. கல்லும் பெயின்ட்டும் பெயர்ப்பலகையும் முதல் நாளே வந்துவிடுகின்றன. சந்திப்பில் கை வைத்தால் போக்குவரத்துக் காவல்துறையோடு பேச வேண்டும், பார்க்கிங்கை எடுத்தால் கடைக்காரர்களோடு பேச வேண்டும். அந்தச் சங்கடம் இல்லாத இடத்தில் மட்டும் பாதை போடுகிறார்கள். சைக்கிள் பாதை எங்கே தேவை என்பதை யாருக்கும் சங்கடம் இல்லாத இடம் தீர்மானிக்கிறது.

பணமில்லை, நம்மால் முடிந்தது இவ்வளவுதான் என்பதையும் நான் ஏற்கவில்லை. மலிவான பாதை வேறு, மோசமான பாதை வேறு. கொரோனா பரவிய 2020இல் பொகோடா நகரம் சாலைத் தடுப்புக் கூம்புகளை வைத்தே எழுபது கிலோமீட்டருக்கு மேல் தற்காலிகப் பாதைகளைப் பிரித்தது. பாரிஸ் தன் நடுநாயகமான ரிவோலி வீதி உட்பட முக்கியச் சாலைகளில் கான்கிரீட் கட்டைகளை இறக்கியது. ஐரோப்பாவின் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களை ஒப்பிட்ட ஒரு ஆய்வு, இப்படித் தற்காலிகப் பாதை போட்ட இடங்களில் சைக்கிள் ஓட்டுவது 11 முதல் 48 சதவீதம் வரை கூடியதாகக் கணக்கிட்டது. பார்க்க அழகாக இல்லாத பாதைகள் அவை. கார்களிடமிருந்து ஒரு முழுத் தடத்தை எடுத்து, போக வேண்டிய இடம் வரை கொண்டுபோய்விட்டதால் வேலை செய்தன. நம்மிடம் குறைவாக இருப்பது பணமல்ல. காருக்குக் கொடுத்த இடத்தில் கொஞ்சத்தைத் திரும்பக் கேட்கிற துணிவு.

நம் சாலைகள் குறுகல், எங்கே இடம் என்பார்கள். குறுகிய சாலையில் சைக்கிள் பாதையே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மயிலாப்பூர் மாட வீதிகளிலும் மதுரை மாசி வீதிகளிலும் ஓரத்தில் ஒரு கோட்டைக் கிழிப்பதால் யாருக்கு என்ன நன்மை? அங்கே தேவைப்படுவது வேகக் குறைப்பு. 2018இல் மத்திய அரசு நகர எல்லைக்குள் கார்களுக்கு மணிக்கு 70 கிலோமீட்டர் என்று உச்ச வேகத்தை அறிவித்தது. மாநிலங்கள் குறைத்துக்கொள்ளலாம். முப்பதில் வருகிற வண்டி இடித்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். ஐம்பதைத் தாண்டினால் உயிர் போகும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது. மேடை போன்ற வேகத்தடை, இறுக்கமான திருப்பம், உள்தெருக்களில் குறுக்குவழியாகப் பாயும் கார்களைத் தடுக்கும் கம்பம், இவற்றால் முழுத் தெருவும் சைக்கிளுக்கு ஏற்றதாகிவிடும். அகலமான சாலைகளிலோ இடம் இருக்கிறது. நூறடி ரோடுகளில் இரண்டு வரிசையாக நிற்கிற கார்களைப் பார்த்துவிட்டு இடமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒழுங்காகச் செய்ய நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்றது அக்கொள்கை. அதன் பிறகு எத்தனையோ சாலைகளில் நடைபாதைகள் அகலமாக, மட்டமாக வந்தன. 2019இல் பாண்டி பஜார் கடைவீதியும் அப்படி மாறியது. அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, மின்பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்று அளவு வகுத்து ஒப்பந்ததாரரிடம் வேலை வாங்கியதால் அது நடந்தது. சாலைகளுக்குத் தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் அமைப்பு 1962லேயே சைக்கிள் பாதைக்கு வழிகாட்டி வெளியிட்டது, 2015இல் அதைத் திருத்தியது. விதி இருக்கிறது, கைத்திறன் இருக்கிறது. நடைபாதைக்குக் காட்டிய கறார் சைக்கிளுக்கு இல்லை, ஏனென்றால் பெயருக்கு ஏதோ ஒன்று வந்தாலே கைதட்ட நாம் தயாராக இருக்கிறோம்.

நான் இப்படி எழுதுவது சைக்கிளின் எதிரிகளுக்குத்தான் உதவும் என்று சில நண்பர்கள் கவலைப்படுவார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டு அரசு சைக்கிளில் வீடு திரும்பும் பதினாறு வயதுப் பெண்ணை, லாரி இடப்பக்கம் திரும்பும் மூலையில் கொண்டுபோய் விடுகிற ஒரு பச்சைக் கோட்டுக்கு என்னால் ஆதரவு தர முடியாது. அடுத்த முறை உங்கள் ஊரில் சைக்கிள் பாதைக்கு டெண்டர் வரும்போது வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். நேரான பகுதியை விட்டுவிட்டுச் சந்திப்பைப் பாருங்கள், பேருந்து நிறுத்தத்தைப் பாருங்கள், பாதை எந்த வாசலில் தொடங்கி எந்த வாசலில் முடிகிறது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தப் பாதை வேண்டாம் என்று சொல்லுங்கள். அதே பணத்தில் அந்தச் சாலையின் வடிகால் சட்டங்களைக் குறுக்குவாட்டில் திருப்பிப் போடலாம், பள்ளமான மூடிகளை உயர்த்தலாம், ஒரு சந்திப்பையாவது முழுதாகச் செய்து முடிக்கலாம். கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் நான் போய் இதைத்தான் கேட்கப்போகிறேன்.